1942இல் திருகோணமலை: துறைமுகமும் ஆகாயமும்

இலங்கையின் பூகோளத்தை எழுதப் புகுந்த எவரும் திருகோணமலைத் துறைமுகத்தைப் புகழாது சென்றதில்லை. குன்றுகள் சூழ்ந்தது, ஆழம் மிக்கது, எக்காற்றுக்கும் அஞ்சாதது, பெருங் கப்பற்படை ஒன்றைத் தன்னுள் அடக்கி வைக்க வல்லது என்பன அப்புகழுரைகளுட் சில. ஓர்ஸ் ஹில் மேட்டில் நின்று உள்துறைமுகத்தை நோக்குவோர்க்கு இவற்றுள் யாதொன்றும் மிகையாகத் தோன்றாது. ஆயின், இத்துறைமுகத்தின் அண்மை வரலாற்றிலே மிகப் பெரிய ஆபத்து வந்துற்ற நாளில், அதாவது 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9ஆந் தேதி காலையில், இந்து சமுத்திரத்தைக் காக்கவென்று திரட்டப்பட்ட கப்பற்படை இதனுள் இருக்கவில்லை. பகைவர் அணுகுகின்றனர் என்ற செய்தி முதல்நாட் கிடைத்தவுடன், உள்ளே நின்ற கப்பல்களுள்ளும் இயங்கக் கூடியவை இரவோடிரவாக வெளியே அனுப்பப்பட்டன. புயலுக்கும் பகைக்கும் புகலிடம் என்று பெயர்பெற்ற துறைமுகத்தை விட்டு, பகை வரும் வேளையிற் கப்பல்கள் ஏன் ஓடின? அவ்வாறு ஓடிய கப்பல்களுள் மிகப் பெரியது ஏன் மட்டக்களப்புக் கடலில் மாண்டது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணின், பசுபிக் யுத்தத்தின் முதல் ஐந்து மாதங்களிலே கடற்போர் முறை எவ்வாறு தலைகீழாயிற்று என்பது புலனாகும்.

துறைமுகத்தின் புகழ் பாய்க்கப்பற் காலத்திலே எழுந்த புகழ். சோழமண்டலக் கரையிலே, சென்னையிலும் நாகபட்டினத்திலும், கப்பல்கள் திறந்த கடலிலேதான் நங்கூரமிட வேண்டியிருந்தது. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்ததும் அக்கரை மரக்கலங்களுக்குக் கொடிய கரையாகும். ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் அக்காலத்திற் பம்பாய் வரை சுற்றிச் சென்று தங்கி, அடுத்த ஆண்டின் இளவேனிலிலேதான் மீளும். இடையிற் கழிந்த மாதங்களில் வங்காள விரிகுடா காவலற்றுக் கிடக்கும். அவ்விரிகுடாவின் மேற்கு விளிம்பிலே, ஆண்டு முழுதும் கப்பல் தங்கக்கூடிய துறை திருகோணமலை. ஆகவே அதை உடையவன் காலத்தை உடையவனானான். 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து அதைப் பறித்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் அதை மீட்டதும், செப்டெம்பர் 3ஆந் தேதி அவருக்கும் ஆங்கிலத் தளபதி ஹியூசுக்கும் துறைக்கு வெளியே பெருங் கடற்போர் நிகழ்ந்ததும் இக்காரணம் பற்றியே. 1795இல் ஆங்கிலேயர் மறுபடியும் அதைக் கைப்பற்றினர்.

நீராவி வந்தபின் வாடைக்காற்றின் வலி குன்றியது. அதனோடு திருகோணமலையின் மதிப்பும் ஓரளவு குன்றியது. இருபதாம் நூற்றாண்டிலே கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெயை எரிக்கத் தொடங்கியபோது, பிரித்தானியக் கடற்படை தன் நெடும்பாதையில் எண்ணெய்க் களஞ்சியங்களை அமைத்தது. சீனன்குடாவைச் சூழ்ந்த காட்டிலே எழுந்த ஏறக்குறைய நூறு எண்ணெய்த் தாங்கிகள், இரு மகாயுத்தங்களுக்கும் இடைப்பட்ட அக்காலத்தவை. ஆனாற் பணத்தின் பெரும்பகுதி சிங்கப்பூருக்கே சென்றது. பெருங் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறை அங்கேதான் அமைந்தது. பெரும் பீரங்கிகளும் அங்கேதான். திருகோணமலை பின்வாசலிலே வைத்த எண்ணெய்ப் பானை போலாயிற்று. ஒஸ்ரன்பேர்க் முனையிலுள்ள பீரங்கிகளும் கடலை நோக்கியே நின்றன. பகை கடல்வழியாக, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கப்பலேறி வரும் என்பதே அக்கால நம்பிக்கை.

இந்நம்பிக்கையைக் குலைத்தது விமானந்தாங்கிக் கப்பல். பெரும்போர்க்கப்பலொன்றின் பீரங்கி ஏறக்குறைய இருபது மைலுக்குட்பட்ட இலக்கையே தாக்கும். விமானந்தாங்கியினின்று எழும் விமானமோ இருநூறு மைலுக்கு அப்பாற் சென்று தாக்கி மீளும். எனவே பீரங்கிக் கப்பல் தன் பகையைக் காணுமுன்னரே மூழ்கலாம். இதனை முதலில் உணர்ந்தவர் பிரித்தானியரே என்பதும், உணர்ந்ததைத் தொடர்ந்து பயன்படுத்தாதவரும் அவரே என்பதும் வரலாற்றின் விநோதம். தொடக்கம் முதலே விமானந்தாங்கியாக வரையப்பட்டுக் கட்டத் தொடங்கிய முதற் கப்பல் பிரித்தானியரின் ‘ஹேர்மெஸ்’. அது சேவைக்கு வருமுன்னரே, 1922இல், யப்பான் தன் ‘ஹோஷோ’வைச் சேவையில் இறக்கிவிட்டது. அப்போது யப்பானியக் கடற்படை விமானிகளுக்குப் பயிற்சியளித்துக்கொண்டிருந்தவர்களோ, 1921இல் அங்கு சென்ற பிரித்தானியக் குழுவினர். ஆசிரியர் கற்பித்ததை மாணாக்கர் இருபதாண்டு ஆழ்ந்து பயின்றனர். ஆசிரியர் தம் பழைய பாடத்துக்கே திரும்பினர்.

அப்பயிற்சியின் பயன் 1941ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிப்பட்டது. ஆறு விமானந்தாங்கிகள் ஓரணியாகச் சென்று ஹவாய்த் தீவின் பேர்ள் துறைமுகத்தில் அமெரிக்கக் கப்பற்படையைத் துறைக்குள்ளேயே அழித்தன. மூன்று நாட் கழித்து, டிசெம்பர் 10ஆந் தேதி, மலாயாவின் கிழக்குக் கடலில் ‘பிரின்ஸ் ஒவ் வேல்ஸ்’, ‘றிப்பல்ஸ்’ என்னும் இரு பெருங் கப்பல்களையும் இந்தோசீனாவிலிருந்து பறந்து வந்த விமானங்கள் மூழ்கடித்தன. இலங்கை வழியாகச் சிங்கப்பூர் சேர்ந்து பத்து நாளுங் கழியாத கப்பல்கள் அவை. அவற்றுக்கு மேலே ஒரு சண்டை விமானமேனும் காவலுக்கு இருக்கவில்லை. தளபதி பிலிப்சு உட்பட 840 பேர் இறந்தனர். முதல் நிகழ்ச்சி துறைக்குள் நின்ற கப்பலுக்கு நேர்ந்தது. இரண்டாவது கடலில் ஓடிய கப்பலுக்கு நேர்ந்தது. இரண்டையும் ஒருங்கே நோக்குவோர்க்கு ஓருண்மை தெளிவாகும். கப்பல் துறையில் நிற்கிறதா கடலில் ஓடுகிறதா என்பதன்று இனி வினா. விமானம் எட்டாத தூரத்தில் இருக்கிறதா, எட்டும் தூரத்திலிருப்பின் தன் தலைக்குமேல் விமானக் காவல் உடையதா என்பவையே வினா. இவ்விரண்டில் ஒன்றும் இல்லாது இடைப்பட்ட நிலையில் நின்ற கப்பல்களே அவ்வைந்து மாதங்களிலும் அழிந்தன. திருகோணமலை நிகழ்ச்சிகளுக்கும் இதுவே திறவுகோல்.

1942ஆம் ஆண்டு பெப்பிரவரி 15ஆந் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு மாதத் தொடக்கத்தில் சாவாவும் இரங்கூனும் வீழ்ந்தன. 23ஆந் தேதி அந்தமான் தீவு யப்பானியர் வசமாயிற்று. வங்காள விரிகுடாவின் கீழைக்கரை முழுதும் பகைவர் கையிற் சேர, இலங்கை போரின் முன்வாசலாயிற்று. இத்தீவு போனால் என்னவாகும் என்பதை லண்டனில் இருந்தோர் நன்கறிவர். எகிப்திற் போரிட்ட பிரித்தானியப் படைக்கு வேண்டிய பண்டங்கள் ஆபிரிக்காவைச் சுற்றி இந்து சமுத்திரம் வழியாகவே சென்றன. பாரசீகக் குடாவின் எண்ணெய் இக்கடலிலேதான் மிதந்து வரவேண்டும். மலாயா போனபின், நேச நாடுகளுக்கு எஞ்சிய இறப்பரின் பெரும்பகுதியும் இலங்கைத் தோட்டங்களிலேயே இருந்தது. ஆதலின் கடற்படைத் தளபதி லெயிட்டன், தேசாதிபதி கல்டிகொட்டுக்கும் மேற்பட்ட அதிகாரத்தோடு, மார்ச்சு மாதத்தில் இலங்கையின் பிரதம தளபதியாக நியமிக்கப்பட்டார். சிவில் பாதுகாப்பை ஒலிவர் குணதிலகா நடத்தினார். கொழும்பின் குதிரைப்பந்தயத் திடல் விமானத்தளமாக மாற்றப்பட்டது. யப்பானியர் இதை அறியாதிருந்தமையால் அது தாக்குதலுக்குத் தப்பியது.

கீழைக் கப்பற்படையின் தலைமையை மார்ச்சு இறுதியில் ஏற்றவர் சமர்வில் என்பவர். அவரிடம் ஐந்து பெரும்போர்க்கப்பல்கள் இருந்தன. எண்ணிக்கை கேட்போரை மயக்கும். அவற்றுள் ‘வோர்ஸ்பைற்’ ஒன்றே புதுப்பிக்கப்பட்டது, ஏனைய நான்கும் முதல் மகாயுத்த காலத்தவை, ஓட்டம் குறைந்தவை, வெப்ப நாட்டுக் கடலில் நெடுநாள் நிற்கக் குடிநீருங்கூடப் போதாதவை. விமானந்தாங்கிகள் மூன்று; அவற்றுள் ‘ஹேர்மெஸ்’ சிறியது, பழையது. மற்றைய இரண்டான ‘இன்டொமிற்றபிள்’, ‘போமிடபிள்’ என்பவற்றின் விமானங்களை ஒருங்கு கூட்டினும் நூறு ஆகா. எதிரே வந்த நகுமோவின் அணியில் அக்காகி, சோர்யு, ஹிர்யு, சொக்காக்கு, சுயிக்காக்கு என்னும் ஐந்து விமானந்தாங்கிகளும் முந்நூறை அணுகும் விமானங்களும் நான்கு விரைவான பெரும்போர்க்கப்பல்களும் இருந்தன. ஆறாவதான ‘காகா’ பழுதுற்று நாடு திரும்பியிருந்தது.

வலி குன்றியவன் என்ன செய்யலாம்? சமர்வில் இரண்டு முடிபுகளைச் செய்தார். அவர் கையிலிருந்த ஒரே மேன்மை, றேடார் பொருத்திய டோர்ப்பிடோ விமானங்கள் இரவிலும் தாக்க வல்லன என்பது. யப்பானியக் கப்பல்களில் அப்போது றேடார் இல்லை. ஆகவே பகலிற் பகைவரின் எட்டத்துக்கு வெளியே விலகி நின்று, இரவில் நெருங்கித் தாக்குவது என்பது முதல் முடிபு. கொழும்பும் திருகோணமலையும் விமான எதிர்ப்புக் காவல் குறைந்தவை. ஆதலால் கப்பற்படையை அவ்விரு துறைகளிலும் நிறுத்தாது, மாலைதீவின் தென்கோடியில், இலங்கைக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 600 மைல் தொலைவிலுள்ள அட்டுத் தீவுக்கூட்டத்தில் மறைவாக வைப்பது என்பது இரண்டாவது. பவளப்பாறை வளைத்த ஒரு களப்பு அது. உலர்துறை இல்லை, பட்டறை இல்லை, கரையேறிக் களைப்பாற ஒரு பட்டினமும் இல்லை. எனினும் பகைவர் அதன் இருப்பையே அறியார். அந்நாளில் அவ்வறியாமை, உலகப் புகழ்பெற்ற துறைமுகத்தின் குன்றுகளினும் வலிய அரணாயிற்று.

யப்பானியர் நோக்கம் யாது என்பதிற் பொதுமக்களிடையே இன்றும் மயக்கமுண்டு. இலங்கையைக் கைப்பற்ற வந்தனர் என்றும், எதிர்ப்புக் கண்டு மீண்டனர் என்றும் கூறுவர். யப்பானியக் கடற்படை அதிகாரிகளுட் சிலர் இலங்கையைக் கைப்பற்றத் திட்டம் வகுத்தது உண்மையே. ஆனாற் சீனத்திலும் மஞ்சூரியாவிலும் கண்வைத்திருந்த தரைப்படைத் தலைமை அதற்கு வேண்டிய படைப்பிரிவுகளைத் தர மறுத்தது. ஆகவே மார்ச்சு 26ஆந் தேதி செலிபீஸ் தீவிலிருந்து புறப்பட்ட நகுமோவின் அணியோடு கரையிறங்கும் படை எதுவும் வரவில்லை. பிரித்தானியக் கப்பற்படையைத் துறைக்குள் அகப்படுத்தி, பேர்ள் துறைமுகத்திற் செய்ததை மீண்டும் செய்து, பர்மாவுக்குச் செல்லும் தம் கடற்பாதையின் பக்கத்தைக் காத்துக்கொள்வதே நோக்கம். அகப்படுத்தும் பொறி துறைமுகமே. அத்துறைமுகத்தைக் காலியாக்குவதே அதற்கு விடை.

தாக்குதல் ஏப்பிரல் 1ஆந் தேதி நிகழும் என்று பிரித்தானிய உளவுத் துறையினர் கணித்தனர். சமர்வில் இலங்கைக்குத் தெற்கே மூன்று நாள் சுற்றிக் காத்திருந்தார், யாரும் வரவில்லை. எண்ணெயும் நீரும் குறையவே, கணிப்பிற் பிழை நேர்ந்ததென்று கருதி அட்டுவுக்குத் திரும்பினார். திரும்பும்போது சில கப்பல்களைப் பிரித்து அனுப்பினார். ‘கோர்ன்வால்’, ‘டோர்செற்சயர்’ என்னும் இரு குரூசர்களும் கொழும்புக்குச் சென்றன. ‘ஹேர்மெஸ்’, அவுஸ்திரேலிய நாசகாரியான ‘வம்பயர்’ என்பவற்றோடு திருகோணமலைக்குச் சென்றது. கணிப்பில் நேர்ந்த பிழை நாட்கணக்கிலன்றி வேறில்லை. அந்நாட் பிழைக்கு விலை கொடுத்தவை இக்கப்பல்களே.

ஏப்பிரல் 4ஆந் தேதி மாலை, கொக்கலையிலிருந்து எழுந்த கட்டலீனாக் கடல் விமானமொன்று, இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 350 மைல் தூரத்தில் யப்பானிய அணியைக் கண்டது. கனடா நாட்டவரான லெனாட் பேர்ச்சல் என்பார் அதன் தலைவர். செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கையிலே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, உயிர்பிழைத்தோர் சிறைப்பட்டனர். இச்செய்தியாற் கொழும்புத் துறையிலிருந்த கப்பல்களுட் பல அன்றிரவே வெளியேறின. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலை எட்டு மணிக்குச் சற்று முன்பின்னாக ஏறக்குறைய 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. றேடார் எச்சரிக்கவில்லை, இரத்மலானையிற் சண்டை விமானங்கள் பகை தலைமேல் வந்தபின்னரே எழவேண்டியதாயிற்று. ‘டெனெடோஸ்’ என்னும் நாசகாரியும் ‘ஹெக்டர்’ என்னும் ஆயுதந்தரித்த வணிகக் கப்பலும் துறைக்குள் அழிந்தன. ஆனால் தேடிவந்த கப்பற்படை அங்கில்லை.

அன்று பிற்பகல், தலைவரோடு சேர்வதற்காகத் தெற்கே விரைந்த ‘கோர்ன்வால்’, ‘டோர்செற்சயர்’ இரண்டையும் யப்பானிய வேவு விமானம் கண்டுகொண்டது. குத்தெனக் கவிழ்ந்து குண்டெறியும் விமானங்கள் வந்து, ஏறக்குறைய இருபது நிமிடங்களுள் இரண்டையும் மூழ்கடித்தன. 424 பேர் மாண்டனர். எஞ்சிய 1,122 பேரும் மறுநாள் மாலைவரை கடலில் மிதந்து கிடந்து மீட்கப்பட்டனர். துறையை விட்டு ஓடியும், எட்டாத தூரத்தை அடையாத கப்பல்கள் அவை.

6ஆந் தேதி மற்றொரு யப்பானிய அணி வங்காள விரிகுடாவிற் புகுந்து, வணிகக் கப்பல்களை வேட்டையாடியது. இருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள், ஓரிலட்சம் தொன்னுக்கு அதிகமானவை, மூழ்கின. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகர மக்கள் மூட்டை முடிச்சுகளோடு புகைவண்டி நிலையங்களை மொய்த்தனர். மாகாண அரசாங்க அலுவலகங்களே உள்நாட்டுக்குப் பெயர்ந்தன. கப்பல் மூழ்குவதினும் இவ்வச்சமே ஆட்சியாளருக்குப் பெருங் கேடாயிற்று.

நகுமோவின் அணி கிழக்கே வளைந்து சென்று மறுபடியும் திரும்பியது. ஏப்பிரல் 8ஆந் தேதி பிற்பகலில் மீண்டும் ஒரு கட்டலீனா அதைக் கண்டது. இம்முறை அது நோக்கியது திருகோணமலையை. அன்றிரவு துறை காலியாயிற்று. ‘ஹேர்மெஸ்’, ‘வம்பயர்’, சிறு காவற்கப்பலான ‘ஹொலிஹொக்’, எண்ணெய்க் கப்பல்களான ‘அதெல்ஸ்ரேன்’, ‘பிரிட்டிஷ் சார்ஜன்ற்’ முதலியன கரையை ஒட்டித் தெற்கே செல்லப் பணிக்கப்பட்டன. தாக்குதல் ஓய்ந்தபின் மீள வேண்டும் என்பது கட்டளை. பழைய பீரங்கிக் கப்பலான ‘எறபஸ்’, வணிகக் கப்பலான ‘சகாயிங்’ என்பன போன்ற சிலவே உள்ளே நின்றன.

9ஆந் தேதி வியாழக்கிழமை. சித்திரைப் புத்தாண்டு நெருங்கிய வேளை. கொழும்பிற் செய்யத் தவறியதை எலிசபெத் முனையில் நிறுவிய றேடார் இங்கே செய்தது. பகை விமானங்கள் தொலைவில் வரும்போதே எச்சரித்தமையால், சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் சண்டை விமானங்கள் முன்கூட்டியே வானில் ஏறி நின்றன. காலை ஏழரை மணியளவில் ஏறக்குறைய 130 விமானங்கள் வந்தன. எதிர்த்த ஹரிக்கேன்கள் இருபதுக்கும் குறைவு. அவற்றில் ஏறக்குறையப் பாதி வீழ்ந்தன. எச்சரிக்கை கிடைத்தால் மட்டும் போதாது, எச்சரிக்கையைப் பயன்படுத்தும் எண்ணிக்கையும் வேண்டும் என்பது அன்று விளங்கிற்று. விமானத்தளமும் கடற்படைத் துறையும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. ‘எறபஸ்’ சேதமுற்றது. ‘சகாயிங்’ தீப்பற்றி எரிந்தது. எண்ணெய்த் தாங்கிகளுள் 91ஆம் இலக்கத் தாங்கி தீப்பிடித்து ஏழு நாட்கள் எரிந்ததென்று ஊரவர் கூறுவர்.

அத்தாங்கியைப் பற்றி ஒரு செய்தி திருகோணமலையில் வழிவழியாக வழங்குகிறது. யப்பானிய விமானி ஒருவர் தம்முயிரை மாய்க்கத் துணிந்து விமானத்தை வேண்டுமென்றே அதன்மேல் மோதினார் என்பதே அது. விமானம் மோதியதையும் தாங்கி எரிந்ததையும் ஐயுற வேண்டுவதில்லை. ஆயின் உயிர்மாய்ப்புத் தாக்குதலை யப்பானியர் ஒரு போர்முறையாகக் கைக்கொண்டது 1944ஆம் ஆண்டு அக்டோபரிலேதான். அதற்கு இரண்டரை ஆண்டுக்கு முந்திய, வெற்றியே கண்டுவந்த ஓரணியின் விமானிக்குத் தலைவரது கட்டளை அவ்வாறு இருந்திருக்க முடியாது. அடிபட்டு மீளவியலாத விமானத்தை அவரே இலக்கின்மேற் செலுத்தினாரா, அன்றி அது தானே வீழ்ந்ததா என்பதை அறிந்தவர் அவ்விமானத்துக்குள் இருந்தோர் மட்டுமே.

இத்தாக்குதலிற் கவனிக்க வேண்டியது மற்றொன்றுண்டு. நகுமோ திருகோணமலைக்குத் தம் முழுப்படையையும் அனுப்பவில்லை. கப்பல்களைத் தாக்கத் தேர்ந்த குண்டெறி விமானங்கள் எண்பதுக்கு மேற்பட்டவற்றைக் கப்பற்றளத்திலேயே நிறுத்தி வைத்தார். துறையில் இல்லாத கப்பல்கள் கடலில் எங்கேயோ இருக்கவேண்டும் என்பது அவர் கணிப்பு. துறைமேல் குண்டுகள் விழுந்து அடங்கிய ஒன்றரை மணி நேரத்துள், வேவு விமானமொன்று மட்டக்களப்புக்கு அருகே ‘ஹேர்மெஸ்’சைக் கண்டது.

அக்கப்பலின் நிலை இரங்கத்தக்கது. விமானந்தாங்கி என்று பெயர். ஆனால் தாங்கியது ஒரு விமானமும் இல்லை. அதன் விமானங்கள் சீனன்குடாவில் இறக்கப்பட்டிருந்தன. பகைவரின் வேவுச் செய்தி வானொலியிற் கேட்கப்பட்டதும், திருகோணமலை நோக்கித் திரும்பி, சண்டை விமானக் காவலின்கீழ் வருமாறு அதற்குப் பணிக்கப்பட்டது. அதாவது, இரவில் எந்தத் துறையைவிட்டு ஓடியதோ அத்துறையை நோக்கியே பகலில் ஓடியது. காவல் விமானங்களோ உரிய வேளைக்கு எழவில்லை. தாக்குதலாற் செய்தித் தொடர்புகள் அறுந்திருந்தன. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் மேலே இல்லை. பத்தரை மணியளவில் தொடங்கிய தாக்குதலில், ஏறக்குறைய நாற்பது குண்டுகள் பட்டு, இருபது நிமிடங்களுள் அது மூழ்கிற்று. 307 பேர் மாண்டனர். ‘வம்பயர்’, ‘ஹொலிஹொக்’, எண்ணெய்க் கப்பல்கள் இரண்டு என்பனவும் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. அவ்வழியே வந்த ‘வீற்றா’ என்னும் வைத்தியசாலைக் கப்பல் ஏறக்குறைய 600 பேரை மீட்டது. அக்கப்பலை யப்பானியர் தாக்கவில்லை. கரை அண்மையிலிருந்தமையாற் சிலர் நீந்தியும் உயிர் தப்பினர்.

துறையைக் காலிசெய்தது பிழையா? அன்று. ‘ஹேர்மெஸ்’ துறைக்குள் நின்றிருப்பின் நங்கூரமிட்டபடியே அழிந்திருக்கும். ஒடுங்கிய வாயிலில் மூழ்கித் துறையையே அடைத்திருத்தலும் கூடும். ஆயின் காலிசெய்தது அரைமனத்தோடு செய்த செயல். இரவு முழுதும் ஓடியும், மீண்டு வரவேண்டும் என்ற எண்ணத்தால், கரையோரத்திலே, துறைக்கு அறுபத்தைந்து மைல் அளவிலேயே கப்பல்கள் நின்றன. இருநூறு மைல் எட்டும் பகைக்கு அறுபத்தைந்து மைல் ஒரு தூரமன்று. பாய்க்கப்பற் காலத்தில் அத்தூரம் ஒருநாட் பயணம்; கண்காணாத தொலைவு. கட்டளையிட்டோர் கையில் 1942ஆம் ஆண்டின் படமிருந்தது. மனத்திலிருந்த அளவுகோல் பழையது.

அதே காலையில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலினின்று எழுந்த பிளெனிம் குண்டுவீச்சு விமானங்களுள் ஒன்பது, யப்பானிய அணியைத் தேடிக் கண்டன. நகுமோவின் கொடிக்கப்பலான ‘அக்காகி’யின் அருகே குண்டுகள் வீழ்ந்து நீர்த்தூண் எழும்பும்வரை, மேலே பகை விமானங்கள் இருப்பதை எவரும் அறியவில்லை. குண்டொன்றும் படவில்லை, ஒன்பதில் ஐந்து விமானங்கள் மீளவில்லை. ஆகவே இதனைப் பயனற்ற துணிவென்று பலரும் தள்ளிவிட்டனர். ஆயின், யுத்தம் தொடங்கிய நாள் முதல் அவ்வணியின் தலைமேல் குண்டெறிந்தோர் இவரே முதல்வர். ஒருவராலும் காணப்படாது வந்து எறியவுங் கூடும் என்பதைக் காட்டினர். ஏப்பிரல் 5ஆந் தேதியில் வேறொரு குறையும் வெளிப்பட்டிருந்தது. கொழும்பை மறுமுறை தாக்கவென்று டோர்ப்பிடோக்களைக் கழற்றிக் குண்டுகளைப் பூட்டிக்கொண்டிருக்கையிலே, குரூசர்கள் காணப்பட்டன என்ற செய்தி வர, பூட்டியவற்றைக் கழற்றி டோர்ப்பிடோவை மீண்டும் பூட்டத் தொடங்கினர். குழப்பத்திற் காலம் கழிந்தது. அன்று எதிரே வலிய பகை இல்லாமையால் தீங்கு நேரவில்லை. இரண்டு மாதங் கழித்து, சூன் 4ஆந் தேதி, மிட்வே தீவுக்கு அருகே இதே மாற்றமும் இதே குழப்பமும் நிகழ்ந்தபோது, காணாது வந்த அமெரிக்க விமானங்கள் அக்காகி, காகா, சோர்யு ஆகிய மூன்றையும் சில நிமிடங்களில் எரித்தன. ஹிர்யு அன்று மாலை தாக்கப்பட்டது. இலங்கைக் கடலில் வந்த எச்சரிக்கையை யப்பானியர் படிக்கவில்லை. வெற்றி பெற்றவன் தன் குறையைப் படித்தல் அரிது.

ஏப்பிரல் மாதக் கணக்கை மட்டும் பார்த்தால் யப்பானியர் பெருவெற்றி பெற்றனர். ஒரு விமானந்தாங்கி, இரு குரூசர்கள், நாசகாரிகள், வணிகக் கப்பல்கள் பல. அவர் இழந்தது இருபது அளவிலான விமானங்களே. ஒரு கப்பலும் இழக்கவில்லை. சமர்வில் தம் பழைய கப்பல்களை ஆபிரிக்காவின் மொம்பாசாவுக்கு அருகேயுள்ள கிளிந்தினித் துறைக்கு அனுப்பினார். வங்காள விரிகுடா காவலற்றதாயிற்று. அவ்வச்சம் மேற்கேயும் பரவி, யப்பானியர் முந்தாதபடி மே மாதத்தில் மடகாஸ்கரின் வடமுனைத் துறையை பிரித்தானியர் கைப்பற்றும்படி செய்தது. எனினும் நகுமோ தேடிவந்த பொருள் கிடைக்கவில்லை. சமர்வில்லின் கப்பற்படை, அஞ்சி ஒளிந்ததென்று ஏளனம் செய்யப்பட்ட போதிலும், அழியாது நின்றது. ஏப்பிரல் 5ஆந் தேதியும் 6ஆந் தேதியும் அவரே பகைவரை நெருங்கிச் சென்று, ஒருவரையொருவர் காணாமல் தப்பினர் என்பதும் நினைவுகூரத்தக்கது. அன்று கண்டிருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். இங்கே அவருக்குத் துணைநின்றது திறமையோ நற்பேறோ என்பதில் ஆராய்ச்சியாளர் வேறுபடுவர். இரண்டும் என்பதே பொருந்தும்.

யப்பானியர் மீண்டும் வரவில்லை. எதிர்ப்புக் கண்டு அஞ்சியமையால் அன்று. அவர்தம் விமானந்தாங்கிகள் பசுபிக்கில் வேறு வேலைக்கு வேண்டப்பட்டமையால். மே மாதத்தில் பவளக் கடலிற் சொக்காக்கு சேதமுற்றது. சூன் மாதத்தில் மிட்வே. இலங்கைக்கு வந்த ஐந்தில் மூன்று அவ்வாறு கடலடி சேர்ந்தன.

திருகோணமலைக்குக் கப்பற்படை மீண்டது 1944ஆம் ஆண்டுத் தொடக்கத்தில். இடைப்பட்ட காலத்திலே துறையின் காவல் பெரிதும் வளர்ந்திருந்தது. ஏப்பிரல் 19ஆந் தேதி, இங்கிருந்து சென்ற பிரித்தானிய, அமெரிக்க விமானந்தாங்கிகள் சுமாத்திராவின் சபாங் துறையைத் தாக்கின. ஆகஸ்டு மாதத்தில் சீனன்குடாவிலிருந்து எழுந்த அமெரிக்கப் பெருவிமானங்கள் பலெம்பாங் எண்ணெய் ஆலைவரை பறந்து மீண்டன. இரண்டாண்டுக்கு முன் துறையை ஆபத்தாக்கிய ஆகாயமே இப்போது அதனைத் தாக்கும் தளமாக்கிற்று. உலர்துறையின் குறை மட்டும் தீரவில்லை. அதற்கு மாற்றாகக் கொண்டுவந்த மிதக்கும் துறை, அதே ஆகஸ்டில், ‘வலியன்ற்’ என்னும் பெரும்போர்க்கப்பலைத் தூக்கியபோது உடைந்து அமிழ்ந்தது. பகைவர் கைபடாமலே கப்பல் பெருஞ் சேதமுற்றது. சிங்கப்பூருக்குச் சென்ற பணத்தில் ஒரு பங்கு முன்னரே இங்கு வந்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றும்.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆந் தேதி கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. சீனன்குடா விமானத்தளமும் கைமாறிற்று. எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்றும் காட்டினிடையே நிற்கின்றன. அவற்றைப் புதுப்பித்துப் பயன்படுத்துவதற்கு 2022ஆம் ஆண்டு சனவரியில் இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை செய்தன. 91ஆம் தாங்கியின் உருகி மடிந்த இரும்பு அவ்விடத்திலேயே கிடக்கிறது. எரிந்த ‘சகாயிங்’ 1943இல் இறங்குதுறையாகப் பயன்படுமாறு உள்துறைமுகத்திலே தாழ்த்தப்பட்டு, எழுபத்தைந்து ஆண்டுகள் நீரடியிற் கிடந்தது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் அதை மிதக்கச் செய்து, துறைக்கு வெளியே ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றனர்.